நலம் விசாரிப்பதா, விசாரணை நடத்துவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நடிப்பிலிருந்து விலகி, சில ஆண்டுகளாக வெளியில் அதிகம் தலைகாட்டாமல் இருக்கும் சின்னத்திரை நடிகர் ஒருவரின் உடல்நிலை குறித்துக் கடந்த சில வாரங்களாகச் சென்னையில் பலரும் கவலையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டால், எதைக் குறை சொல்ல இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேனோ அதையே நானும் செய்தவனாவேன். அந்தக் காரியத்தில் எனக்கும் ஏற்கெனவே ஒரு பங்கு உண்டு என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். சென்ற மாதம் ஒருநாள் காலை, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதற்காக எங்கள் பகுதியிலுள்ள ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எதிர் வரிசையில் அவர் இருந்தார். இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். உடன் வந்திருந்த பெண்மணி, மகளோ மருமகளோ தெரியாது, டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லிகளை மூடியில் எடுத்து வைத்து அவரிடம் நீட்டினார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டுமல்லவா, அதற்காகத்தான். அப்போது பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். நடிகர் அதைக் கவனித்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஏதோ தேதி பார்ப்பவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் படப்பிடிப்பு முடியும்வரை இட்லியை அவர் தொடவில்லை. அங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். "தம்பி, போனை உள்ளே வை" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "ஆளே பாதியாகிவிட்டார்" என்றேன். அவள் அதைத் தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னாள். மறுநாள் காலை நடேசன் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர்களிடமும் சொன்னேன். அவர்களில் ஒருவர், "என்ன டெஸ்ட் எடுத்தாராம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நிறைய எடுத்திருப்பார் போலிருக்கிறது" என்று சொல்லிவைத்தேன். அன்று மாலையே எங்கள் நடைப்பயிற்சி நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டதாகவும் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பதாகவும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரை அழைத்துக் கேட்டேன். "நீங்கள்தானே சார் நேரில் பார்த்தீர்கள்?" என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு "சற்றுமுன்", "கண்ணீரில் ரசிகர்கள்" என்ற வழக்கமான எழுத்துகளோடு ஒரு யூடியூப் காணொளி வந்துவிட்டது. பரிசோதனை நிலையத்தில் எடுத்த சில நொடிகளுக்குப் பிறகு, ஆக்சிஜன் முகமூடியோடு அவர் கட்டிலில் கிடக்கும் காட்சி ஒன்று அதில் திரும்பத் திரும்ப ஓடியது. தொடர்களை ஒழுங்காகப் பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். அது பல ஆண்டுகளுக்கு முன் அவர் நடித்த ஒரு தொடரில் வந்த காட்சி. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் படுக்கையறையில் பச்சைத் திரையை இழுத்துக் கட்டி, குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியை நிறுத்திவிட்டால் அதுதான் சின்னத்திரையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு பாத்திரம் கதையிலிருந்து போய்விட்டால் கூடத்துச் சுவரில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைப்பதும், ஆளே மாறினால் "இவருக்குப் பதில் இனி இவர்" என்று திரையில் எழுத்துப் போடுவதும் நாம் எல்லோரும் பார்த்துப் பழகியவை. இருபது ஆண்டுகள் தொடர்களில் நடித்த எவருக்கும் மாலை போட்ட படம் ஒன்றாவது எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே தீரும். வதந்தி பரப்ப நினைப்பவருக்கு அதற்குமேல் ஒரு வசதி தேவையில்லை.

மூன்றாம் நாள் ஒரு நாளிதழின் சின்னத்திரைப் பகுதியில், நடிகரின் பெயரையும் பழைய படத்தையும் போட்டு, "உடல்நிலை கவலைக்கிடமா?" என்று நான்கு வரிச் செய்தி வந்தது. தலைப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை மாட்டிவிட்டால் செய்தியின் உண்மைக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற பாடம் எங்கே கற்றுத்தரப்படுகிறதோ எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியதாகவோ, பேச முயன்றதாகவோகூட அந்தச் செய்தியில் ஒரு சொல் இல்லை.

ரசிகர்களின் கவலையை நான் பரிகசிக்கவில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நான் அஞ்சல் துறையில் கடிதங்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்த நாட்களில், சுவாமி சிவானந்தா சாலை முகவரியிட்ட அஞ்சலட்டைகள் கட்டுக்கட்டாக வந்து குவியும். அட்டையில் எழுதியிருப்பது மூடி மறைக்கப்பட்டதல்ல என்பதால், கைவேலையின் நடுவே ஓரிரு வரிகள் கண்ணில் பட்டுவிடும். நாடகத்தில் வந்த அப்பாவுக்கு இருமல் சரியாகிவிட்டதா என்று கேட்டுக்கூட எழுதியிருப்பார்கள். நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வதற்கென்றே "எதிரொலி" என்ற நிகழ்ச்சியை அந்த நிலையம் நடத்தியது என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த கதை, வாரத்தில் ஐந்து நாட்களும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

திரைப்பட நட்சத்திரத்தை நாம் போய்ப் பார்க்கிறோம். தொடர் நடிகர் நம் வீட்டுக்கு வருகிறார். என் தாயார் கடைசி ஒன்றரை ஆண்டுகள் படுக்கையில் இருந்தபோது, மணி எட்டரை ஆனதும் "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்பார். பெற்ற மூத்த மகனாகிய என்னைத்தான் கேட்கிறார் என்று முதலில் ஏமாந்தேன். தொடரில் மூத்த மகனாக நடித்த இந்த நடிகரைத்தான் அவர் அப்படி அழைத்தார். தலையணையை உயர்த்தி வைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு நான் கஞ்சி ஊட்டுவேன். தொடரின் மருமகள் ஏதாவது எடுத்தெறிந்து பேசினால் கஞ்சி உள்ளே இறங்காது. அப்படிப் பழகிய ஒரு முகம் மெலிந்துபோயிருக்கக் கண்டால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் தோன்றும். கேட்பதில் பிழையில்லை. விடையை அவரிடம் கேளாமல் நாமே எழுதிக்கொள்வதுதான் பிழை.

பொது வாழ்வில் இருப்பவர்களின் நோயை மக்கள் அறிந்துகொள்ளக் கூடாதா என்று என் நண்பர்களே வாதிட்டார்கள். 1984 அக்டோபர் 5 அன்று எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கிருந்தபடியே அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் வென்று, 1985 பிப்ரவரி 4 அன்று திரும்பிய நாள்வரை தமிழ்நாடே அந்த ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்தது. 2016-இல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாட்களிலும் அதே நிலைதான். வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதும் செய்யப்பட்டனர். ஆனால் அவர்கள் இருவரும் முதலமைச்சர்கள். கோப்பில் கையெழுத்திடுபவர் யார் என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டோடு இருக்கும் ஒருவருடைய சர்க்கரை அளவைப் பொறுத்து எந்தக் கோப்பு தேங்கி நிற்கிறது?

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களை உதாரணம் காட்டியும் ஒருவர் பேசினார். 2020 ஆகஸ்ட் 5 முதல், அவர் மறைந்த செப்டம்பர் 25 வரை மருத்துவமனை அறிக்கைகள் வந்தன. அவருடைய மகன் சரண் காணொளிகள் வழியாக அவ்வப்போது நிலைமையைச் சொல்லிவந்தார். அவை அந்தக் குடும்பம் தானே விரும்பிச் சொன்னவை. அத்தனை சொல்லியும், தந்தைக்குத் தொற்று நீங்கிவிட்டதாகப் பரவிய செய்தியை அவரே முன்வந்து மறுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2020 ஜூனில், பாடகி எஸ். ஜானகி இறந்துவிட்டதாகப் பரவிய பொய்யைக் கண்டித்து, அவர் நலமாக இருக்கிறார் என்று எஸ்.பி.பி. அவர்களே பேசி வெளியிட்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

குடும்பத்தார் வாய் திறக்காததால்தானே வதந்தி வளர்கிறது, ஒரு வரி சொல்லிவிட்டால் என்ன என்ற கேள்வியும் வருகிறது. ஓய்வூதியம் பெறுபவன் என்ற முறையில் நான் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கிறேன். நான் உயிரோடிருக்கிறேன் என்று அரசுக்கு ஒப்புவிப்பது, அரசு எனக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதால். தொடர் நடிகருக்கு அப்படி யார் என்ன கொடுக்கிறார்கள்? பெரும்பாலானவர்களுக்கு நடித்த நாளுக்குத்தான் சம்பளம். பாத்திரம் முடிந்தால் அதுவும் முடிந்தது. நாம் பார்த்த பார்வைக்கு ஈடாக அவர் ஆயுள் முழுவதும் நமக்கு வாழ்நாள் சான்று தந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கு?

சட்டமும் இதில் ஊமையாக இல்லை. தனித்து விடப்படும் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 1994-இல் வழங்கிய முக்கியமான தீர்ப்பு, சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் வார இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில், அதாவது ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் வந்ததுதான். ஒருவருடைய சொந்த வாழ்வையும் குடும்பத்தையும் பற்றி அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று சொன்ன அத்தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும், அரசு ஊழியர்கள் தம் கடமையில் செய்தவற்றுக்கும், தாமாகவே சர்ச்சையில் வந்து நிற்பவர்களுக்கும் விலக்கு அளித்தது. நம் நடிகர் வந்து நின்றது இரத்தப் பரிசோதனை வரிசையில் மட்டும்தான். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். நோயாளி பற்றி அறிந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவரே சொல்லக்கூடாததை, டோக்கனோடு எதிரே உட்கார்ந்திருந்த நான் சொல்லியிருக்கிறேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு; அதையும் சொல்லியாக வேண்டும். நோயுற்ற நடிகரோ அவர் குடும்பமோ சிகிச்சைக்குப் பணமில்லை என்று வெளிப்படையாக உதவி கேட்டால், பத்திரிகைகள் அதைப் பெரிதாகவே போட வேண்டும். அதிலும் எந்த நோய், எவ்வளவு தேவை, யாரிடம் சேர்ப்பது என்பவை அவர்கள் சொன்ன சொற்களிலேயே இருக்கட்டும். உதவி கேட்காதவரை ஏழையாக்கிக் காட்டுவது நோயாளியாக்கிக் காட்டுவதைவிடக் கொடுமை.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வில் இருக்கும் கலைஞரின் உடல்நிலை பற்றிய செய்தி தங்கள் மேசைக்கு வந்தால், அவரிடமோ அவர் வீட்டாரிடமோ ஒரு முறை கேளுங்கள். வீட்டைத் தொந்தரவு செய்யத் தயங்கினால் சின்னத்திரை நடிகர் சங்கத்தின் மூலமாகக் கேட்கலாம். அவர்கள் எதுவும் சொல்ல விரும்பவில்லை என்றால், அன்றைக்கு அந்த இடத்தில் வேறு செய்தியைப் போடுங்கள். தவறாக ஏதேனும் வந்துவிட்டால், திருத்தத்தை ஏழாம் பக்கத்து மூலையில் ஒளித்து வைக்காமல், தவறு வந்த இடத்திலேயே அதே அளவில் வெளியிடுங்கள்.

நான் என் பங்குக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, சங்கத்தின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். "ஐயா, தங்களை என் தாயார் பெரியவன் என்றுதான் சொல்வார்கள். அன்று பரிசோதனை நிலையத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன், மன்னிக்க வேண்டும். தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை" என்பதுதான் அதில் உள்ளது. வாட்ஸ்ஆப் குழுவிலும் நான் சொன்னது ஊகமே என்று எழுதினேன். இருவர் கைகூப்பும் படம் போட்டார்கள்; ஒருவர், "அப்படியானால் உண்மையில் என்னதான் நோய்?" என்று கேட்டார்.

இக்கடிதத்தைப் பிரசுரிக்கத் தாங்கள் தீர்மானித்தால், அருகில் எந்த நடிகரின் படத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், நிழலுருவம்கூட வேண்டாம். இட்லி டப்பா படமாக இருந்தாலும் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
மேற்கு மாம்பலம்,
சென்னை - 600 033