பேத்தியின் மாவு டின்னும் சுங்கக் காகிதமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மழை, பிசான நாற்று, முழங்கால் வலி என்று படித்துக்கொண்டே வந்தவன், பேத்திக்கு பி.கே.யூ. (பினைல்கீட்டோனூரியா) என்று எழுதியிருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். இவளும் வாங்கிப் படித்தாள். அன்று முழுக்க எங்கள் வீட்டில் உங்கள் பேச்சுத்தான்.

பிறந்த கையோடு கண்டுபிடித்துவிட்டார்களே, அதுவே பெரிய காரியம். புரதத்தில் இருக்கிற பினைலலனின் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் உடைக்க முடியாமல் போவதுதான் இந்த நோய். அது ரத்தத்தில் தேங்கினால் மூளையைத் தாக்கும். சாப்பாட்டில் அளவு தவறாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், பள்ளிக்கூடம் போகும். பருப்புச் சோறு ஊட்டக் கொடுத்துவைக்கவில்லையே என்று தங்கச்சி அழுவதாக எழுதியிருந்தாய். அழ வேண்டாம் என்று சொல். பினைலலனின் நீக்கிய அந்த அமினோ அமில மாவுதான் இந்தப் பிள்ளைக்குப் பால், பருப்பு, முட்டை எல்லாம். சோற்றைத் தராசில் நிறுத்து ஊட்டப் பழகிவிட்டால் கொஞ்ச நாளில் வீட்டு வழக்கமாகிவிடும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாவை வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கப்போகிறார் மருமகன். 'அன்பளிப்பு என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டு அனுப்புகிறேன், வரி வராது' என்று அந்த ஆள் சொல்கிறார். செய்யலாமா என்பது உன் கேள்வி. செய்யவே கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் சுங்கக் கிளியரிங் வேலையில் இருந்தவன் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பொட்டலத்தின் மேல் சி.என். 22 என்று பச்சை நிறச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அன்பளிப்பா, ஆவணமா, மாதிரிப் பொருளா, விற்பனைப் பொருளா என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அதன் கீழே பொருளின் பெயர், எடை, மதிப்பு. விற்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறாரோ, இங்கே சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். முன்பு 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி இல்லாமல் இருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் அன்பளிப்பு என்ற பெயரில் வர ஆரம்பித்ததும், 2019 டிசம்பரில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ராக்கிக் கயிற்றுக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விட்டுவைத்தார்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டிகளை அன்பளிப்பாக வரவழைக்க, அந்த ஜூலை கடைசி வரை என்று தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு இறுக்கமான விதி.

விலையைக் குறைத்துப் போடுவது இன்னும் மோசம். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பொட்டலம் நின்றுவிடும். பறிமுதல், அபராதம் வரை போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வழியில் தொலைந்துபோனாலோ, எழுதிய தொகைக்கு மேல் நஷ்ட ஈடு கேட்க முடியாது. மாவு வீட்டில் தீரத் தீர வேண்டிய பிள்ளைக்கு, இரண்டு வாரம் கிடங்கில் கிடக்கும் டின்னால் என்ன பிரயோசனம்?

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், பொய் எழுத வேண்டிய அவசியமே இந்தக் குழந்தைக்கு இல்லை. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதில் சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களின் வரிசையில் பி.கே.யூ. இருக்கிறது. அந்தக் கொள்கையில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக வரவழைக்கும் மருந்து, சிறப்பு மருத்துவ உணவு எல்லாவற்றுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி கிடையாது. அதே வருடம் ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஐ.ஜி.எஸ்.டி.யிலிருந்தும் விலக்குக் கொடுக்க முடிவு செய்தது. 2026 பட்ஜெட்டில் இன்னும் ஏழு அரிய நோய்களை இந்தச் சலுகையில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். பெற்றவர்கள் பலர் வருடக்கணக்காக மனுப் போட்டு வாங்கிய சலுகை இது. உன் பேத்திக்கும் உரியது.

ஆனால் காகிதம் இல்லாமல் சலுகை இல்லை. மத்திய அல்லது மாநில சுகாதார சேவை இயக்குநரிடமிருந்தோ, மாவட்ட மருத்துவ அதிகாரியிடமிருந்தோ, சிவில் சர்ஜனிடமிருந்தோ சான்றிதழ் வேண்டும். உங்கள் ஊரில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் முதலில் விசாரிக்கச் சொல். டாக்டரின் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும், பார்சல் மருமகன் பெயரில் வரும். அப்பாவும் பிள்ளையும்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள். நோயின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி, கொள்கையில் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒன்றில் சுருக்கம், இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அங்கேயே கேள்வி வரும்.

இதெல்லாம் பார்சல் கிளம்புவதற்கு முன்பே தயாராக வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூரியரில் வரும் பொருளுக்கு அந்தக் கம்பெனியே சுங்கத் தாக்கல் செய்துவிடும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சாதாரணச் சொந்த உபயோகப் பொருள் என்று போட்டு, வரியையும் தானே கட்டிவிட்டு, கொண்டுவந்து கொடுக்கும்போது நம்மிடம் வசூலிக்கும். கட்டின வரியைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், சுங்கத்தில் போட்ட வரி மதிப்பீட்டையே திருத்த வேண்டும், இல்லாமல் திருப்பிக் கேட்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் ஒரு தகப்பன் இப்படித்தான் வந்து நின்றார். சான்றிதழ் கையில் இருந்தது, தாக்கல் முடிந்து மறுநாள் வந்து சேர்ந்த சான்றிதழ். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் முகம் இன்னும் மனசில் இருக்கிறது.

அதனால் அனுப்பும் கூரியரின் ஏர்வே பில் எண், அதாவது பார்சலுக்கு அவர்கள் தரும் எண், வந்தவுடனே, சான்றிதழையும் கே.ஒய்.சி. ஆவணத்தையும் இங்குள்ள அவர்கள் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பி, 'அரிய நோய் விலக்கின் கீழ் தாக்கல் செய்யுங்கள்' என்று எழுத்தில் கேட்கச் சொல். பதில் வரும்வரை போன் போட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்வாய்ஸில் மாவின் முழுப் பெயர், சிறப்பு மருத்துவ உணவு என்ற வாசகம், உண்மையான விலை இருக்க வேண்டும் என்று விற்பவரிடமும் கறாராகச் சொல்லட்டும்.

விலக்கு இல்லாமல் வந்தால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தாய். சில வருடம் முன்பு வரை 35 சதவீதம் சுங்கவரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகைக்கு 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தால் 77.28 சதவீதம். பத்தாயிரம் ரூபாய்ச் சாமான் 17,728 ஆகிவிடும். இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஐ.ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 18 ஆக்கினார்கள். இடையில் 20-க்கு இறங்கியிருந்த சுங்கவரியை 10 ஆகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஆனால் பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று மருமகன் நினைத்துக்கொள்ளப் போகிறார். அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் இரண்டும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி.

ஆர்டர் போடுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேட்கட்டும். இந்த வகை மாவு நம் நாட்டிலேயே சில கிடைக்கின்றன, அது பிள்ளைக்கு ஒத்துவருமா என்று. ஒத்துவந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம், அரிய நோய்களுக்கென்று மத்திய அரசு குறித்த சிறப்பு மையங்களில் பதிந்தால் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது. பெங்களூருவில் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையோடு சேர்ந்து அப்படி ஒரு மையம் உண்டு. பிள்ளையை ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டச் சொல். ரயில் டிக்கெட்டு நான் போட்டுத் தருகிறேன், நீ அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, நடக்கிறேன். விற்பவர் அனுப்பும் இன்வாய்ஸின் நகலையும், டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளின் போட்டோவையும் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல். தயாரித்த தேதி, காலாவதித் தேதி தெளிவாகத் தெரியட்டும். நான் பார்த்து அன்றைக்கே போன் பண்ணுகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்