சின்ன அறைக்கு எந்தச் சாயம்?

ஜெலுத்தோங், பினாங்கு

தம்பிக்கு,

சின்ன அறைச் சுவருக்கு எது என்று கேட்டு நீ அனுப்பிய சாம்பல் நிறத்தையும் கிரீம் நிறத்தையும் பார்த்தேன். போன் திரையை நம்பி முடிவெடுக்காதே. கடையில் சின்ன டின் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடி. காய்ந்தபின் நிறம் சற்று இருட்டும். பலகையைச் சுவருக்குச் சுவர் மாற்றி வை. காலையிலும் மாலை ஐந்து மணிக்கும் இரவு விளக்கிலும் பார்.

அந்த ஜன்னல் மேற்கே. மாலை வெயிலில் கிரீம் இன்னும் மஞ்சளடிக்கும், நான்கு சுவரின் ஒளியும் ஒன்றில் ஒன்று பட்டு நிறம் ஏறிவிடும். சாம்பல் அந்த வெயிலுக்கு அடங்கும். ஆனால் இரவில் உன் 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் அதே சாம்பல் நீலம் தட்டும். தூங்கும் அறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு மாட்டு.

தூங்கும் அறை என்றுதானே சொன்னாய்? ஒற்றைக் கட்டில் இடம் கொள்ளுமா என்றும் கேட்டாய். விருந்தாளிக்கு என்றால் தாராளமாகக் கொள்ளும். அம்மாவிடம் நான் கட்டில் பேச்சை எடுக்கவில்லை.

அளவெடுத்தது சுத்தம், எனக்கே பெருமை. கணக்கில்தான் கோட்டை விட்டாய். 10க்கு 12 அடி, உயரம் 9. கதவு ஜன்னல் கழித்தால் சுமார் 350 சதுர அடி, அதாவது 32 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வைத்தால் நீ போட்ட 5 லிட்டர் ஒரு கோட்டுக்குத்தான் தாராளம். இரண்டுக்கு 7 லிட்டர் வேண்டும். டின்களை ஒரே பேட்ச் எண்ணாக, அதாவது ஒரே தடவையில் தயாரானதாகக் கேள், எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கு. இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறி நிற்கும்.

குளியலறைப் பக்கச் சுவர் ஊதியிருப்பது படத்திலேயே தெரிகிறது. முதலில் கசிவை நிறுத்து, சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சாயத்துக்கு முன் பூசும் சீலர் அடி. ஈரத்தின் மேல் அடித்தால் சாயம் கொப்பளிக்கும், வெள்ளை உப்பும் பூக்கும். சாம்பலில் அந்த உப்பு பளிச்சென்று தெரியும், கிரீமில் அவ்வளவு தெரியாது. அதனால் என் ஓட்டு கிரீமுக்கு. மஞ்சள் குறைந்த, வெளுத்த கிரீமாக எடு.

மருமகள் எதைச் சொன்னாள்? அவள் இஷ்டம் என்ன என்று உன் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. பலகையை அவளிடமும் காட்டு, இரவு விளக்கிலும் காட்டு. காட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கூப்பிடுங்கள். அதுவரை பெரிய டின்னை வாங்காதே, கலந்த சாயத்தைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

அப்பா