பீட்டில்ஸை உடைத்தது யோகோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடல்களைப் பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழு பிரிந்த கதைக்கு வந்ததும் கட்டுரையாளர் பழைய பல்லவியையே எடுத்துவிட்டார்: 1970 ஏப்ரல் 10 அன்று பால் மெக்கார்ட்னி குழுவை உடைத்தார்; அவர் அந்த நிலைக்கு வரக் காரணம் லெனனின் மனைவி யோகோ ஓனோ; செய்தி கேட்டு ரசிகர்கள் இடி விழுந்ததுபோல் நின்றார்கள். இந்த மூன்றில் கடைசியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்று காலை லண்டனில் 'டெய்லி மிரர்' முதல் பக்கத்தில் பால் விலகுகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. அதற்கு ஆதாரம், பாலின் முதல் தனி ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட ஒரு கேள்வி-பதில் தாள். லெனனோடு சேர்ந்து மறுபடியும் பாட்டு எழுதுவீர்களா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் இல்லை என்கிறார். ஆனால் இந்தப் பிரிவு தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்டால், தெரியாது என்கிறார். குழு கலைந்துவிட்டது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. சாவில் ரோ 3-ஆம் எண் கட்டடத்தில் இருந்த, பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பத்திரிகைத் தொடர்பாளர் டெரக் டெய்லர் தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கையில், வசந்தம் வந்துவிட்டது, நாளை லீட்ஸ் அணியும் செல்சி அணியும் மோதுகின்றன, நால்வரும் நலமாக இருக்கிறார்கள், உலகம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்றெல்லாம் இருந்தது. உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நழுவிய அறிக்கைகளில் அதற்கு இணை இல்லை.

உண்மையில் விலகுகிறேன் என்று முதலில் சொன்னவர் லெனன். 1969 செப்டம்பர் 20 அன்று, ஆப்பிள் அலுவலகக் கூட்டத்தில் சொன்னார். அமெரிக்காவின் கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தோடு ராயல்டியை உயர்த்தும் புதிய ஒப்பந்தம் அப்போதுதான் கைகூடி வந்திருந்தது. வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவர் வாயை அடைத்தார்கள். ஆறு நாள் கழித்து 'அபே ரோடு' கடைகளுக்கு வந்தது. ஒரு வாரம் முன்பே முடிந்துபோன ஒரு குழுவின் ஆல்பத்தைத்தான் உலகம் வாங்கிக் கேட்டுக் கொண்டாடியது!

இனி ரசிகர்களுக்கு வருகிறேன். கட்டுரையாளர் தொடாத இடம் இது. பீட்டில்ஸ் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வளையக்கூடிய மெல்லிய இசைத்தட்டு ஒன்று தபாலில் வரும். கடையில் கிடைக்காது. 1963 தட்டைக் கேட்டால் நால்வரும் ஒரே ஒலிவாங்கியை மொய்த்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் பாட்டைக் கோணலாகப் பாடி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து சிரிப்பது தெரியும். 1968-லும் 1969-லும் வந்த தட்டுகளில் அந்தச் சிரிப்பு இல்லை. நால்வரும் தனித்தனியே பதிவு செய்து அனுப்பியதை, வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒட்டுப்போட்டுக் கோத்திருந்தார். 1969 தட்டில் லெனனும் யோகோவும் தங்கள் தோட்டத்தில் உலவியபடி பேசுகிறார்கள். பால் தனியாக ஒரு வாழ்த்துப் பாடுகிறார். ரிங்கோ தாம் நடித்த படத்துக்கு விளம்பரம் செய்கிறார். ஜார்ஜ் ஹாரிசன் ஓரிரு விநாடி வந்து வாழ்த்திவிட்டுக் காணாமல் போகிறார்.

ஏப்ரல் 10 அன்று யாருக்கு இடி விழுந்தாலும், அந்த மன்ற உறுப்பினர்களுக்கு விழுந்திருக்கக் கூடாது. பிரிவுச் செய்தி இரண்டு கிறிஸ்துமஸாக அவர்கள் வீட்டுக்கே தபாலில் வந்திருக்கிறது. போட்டுக் கேட்டிருக்கிறார்கள், காதில் ஏறவில்லை. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி முடிந்த பிறகு நால்வரையும் ஒரே மேடையில் காசு கொடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. 1969 ஜனவரியில் ஆப்பிள் கட்டடத்து மொட்டை மாடியில் வாசித்ததுகூட டிக்கெட் இல்லாத கச்சேரிதான். ஆகவே மன்றத்து ரசிகர்கள் மனத்துக்குள் வைத்திருந்தது 1963-இன் நால்வரை. அவர்களை யாரோ வந்து பிரித்தாக வேண்டும் அல்லவா?

கூட்டுக்குடும்பம் உடைந்தால் ஊர் முதலில் கடைசியாக வந்த மருமகளைத்தான் பார்க்கும். இங்கே மருமகள் ஜப்பானியப் பெண் வேறு. ஆப்பிள் வாசலிலேயே யோகோவை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். பாலை மணந்த லிண்டாவும் தப்பவில்லை. 1969 மார்ச்சில் மேரிலிபோன் பதிவு அலுவலகத்துக்கு வெளியே ரசிகைகள் அழுதுகொண்டு நின்றார்கள். பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட எட்டு மணி நேர ஆவணப்படத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1969 ஜனவரியில் பால் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: ஐம்பது வருடம் கழித்து, ஆம்ப்ளிஃபயர் மேல் யோகோ உட்கார்ந்ததால் குழு உடைந்தது என்று சொல்லப்போகிறார்கள், எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று. ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. உங்கள் கட்டுரையாளர் சொல்லிவிட்டார்.

யோகோ வருவதற்கு முன்பே வீட்டில் விரிசல் விழுந்திருந்தது. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் 32 வயதில் இறந்த பிறகு கணக்கு வழக்கைக் கட்டிக்காக்க ஆளில்லை. 1968-இல் ரிங்கோ கோபித்துக்கொண்டு போய்த் திரும்பினார். 1969 ஜனவரியில் ஜார்ஜும் அப்படியே. பிறகு மூவர் ஆலன் கிளைனை மேலாளராக்கினார்கள். பால் தம் மாமனார் லீ ஈஸ்ட்மன்தான் வேண்டும் என்று நின்றார். 'லெட் இட் பி' ஆல்பத்தில் தம் பாட்டு ஒன்றுக்குத் தம்மைக் கேட்காமலே வயலின் கூட்டத்தையும் பெண்களின் சேர்ந்திசையையும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஏற்றிவிட்டதைப் பின்னர் நீதிமன்றத்திலேயே குறையாகச் சொன்னார். பாலின் தனி ஆல்பத்தைத் தள்ளிப்போடும்படி ஜானும் ஜார்ஜும் எழுதிய கடிதத்தோடு ரிங்கோ அவர் வீட்டுக்குப் போனார். பால் அவரைத் திட்டி வெளியே அனுப்பினார். இந்தச் சண்டைகளில் எதற்கும் யோகோ தேவைப்படவில்லை.

கிளைனிடமிருந்து விடுபட வேண்டுமானால் கூட்டு நிறுவனத்தையே கலைக்க வேண்டும், அதற்குத் தோழர்கள் மூவர் மீதும் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற நிலை. 1970 டிசம்பர் 31 அன்று பால் தொடுத்தார். தோழர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் என்ற பெயர் வெகுகாலம் அவரை விடவில்லை. 1973-இல் அந்த மூவருமே கிளைனை விலக்கிவிட்டு, அவர் மீது வழக்கும் போட்டார்கள் என்பது பழி சொன்னவர்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கடைசிக் கையெழுத்தை லெனன் போட்டது 1974 டிசம்பரில், ஃபுளோரிடாவின் டிஸ்னி உலகத்து ஹோட்டல் ஒன்றில். சட்டப்படி கூட்டு கலைந்தது 1975 ஜனவரியில். கட்டுரையின் தேதி எவ்வளவு பிசகு பாருங்கள்.

எல்லா ரசிகர்களையும் ஒரே தட்டில் வைக்கவும் எனக்கு மனமில்லை. ஆப்பிள் வாசலிலும் அபே ரோடு ஸ்டுடியோ படியிலும் மழை, பனி பாராமல் காத்துக் கிடந்த 'ஆப்பிள் ஸ்க்ரஃப்ஸ்' பெண்கள் இருந்தார்கள். அவர்களில் இருவரை 1968-இல் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு ஒரு பாட்டுக்குப் பின்குரல் பாட வைத்தார்கள். ஒருத்தி பிரேசிலிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண். குழு உடைந்த பிறகும் அந்தப் பெண்கள் வாசலை விட்டுப் போகவில்லை. ஜார்ஜ் தம் தனி ஆல்பத்துக்கு வேலை செய்த 1970-இலும் அங்கே நின்றார்கள். அவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுதி அந்த ஆல்பத்தில் சேர்த்தார். யார் யாரோடு சண்டை என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கலாம்.

மீண்டும் சேரச் சொல்லி வந்த தொல்லைகளைச் சொன்னால் தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும். 1976 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், வந்து மூன்று பாட்டுப் பாடினால் 3,000 டாலர் தருகிறோம் என்று தயாரிப்பாளர் கேலியாகக் காசோலையைக் காட்டினார். அந்த நேரத்தில் ஜானும் பாலும் நியூயார்க்கில் ஜான் வீட்டில் அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகலாமா என்று பேசி, களைப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த இதழில் தேதியையும் யோகோ பற்றிய வரியையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் தட்டுகள் ஏழும் 2017-இல் ஒரே பெட்டியாக மறுவெளியீடு கண்டன. கட்டுரையாளருக்குக் கிடைத்தால் ஏழாவதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.