கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய டட்சன்: எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு வளாகத்துக்குள் எந்த வகையான வாகனப் பழுது வேலையும் மாற்றமும் செய்யக் கூடாது என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப் போவதாக வாட்ஸ்அப்பில் அறிவிப்பு பார்த்தேன். மலாயில் ஒரு கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். போன கூட்டத்தில் இதைப் பற்றி அதிகம் பேசியது நம்மவர்கள்தான் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். மூன்றாவது லோரோங்கில் (சந்தில்) பச்சைக் கேன்வாஸ் போட்டு மூடிய டட்சன் காடி (கார்) நிற்கும் வீடு என்னுடையது.

தடை வேண்டாம், நிபந்தனை போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். சொந்தக் காடியைச் சொந்த வீட்டில் வைத்துச் சரி செய்கிறவர், வாடிக்கையாளர் காடிகளைச் சாலையோரம் நிறுத்திப் பட்டறை நடத்துகிறவர், நடு இரவில் எக்ஸாஸ்டை அலறவிட்டுப் போகும் பையன்கள் என எல்லாரையும் ஒரே தீர்மானத்துக்குள் போட்டால், அடிபடப் போவது முதல் ஆள் மட்டும்தான். மற்றவர்களுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் பட்டறைத் தொழில் நடத்த டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) உரிமம் வேண்டும். எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு ஜேபிஜேயும் (சாலைப் போக்குவரத்துத் துறை) போலீசும் சம்மன் கொடுக்கலாம். குப்பை லாரி நுழைய முடியாமல் மூலையில் காடிகள் நிற்பது எனக்கும் எரிச்சல்தான். அந்தப் புகாரில் கையெழுத்துப் போட நானும் வருகிறேன். ஆனால் அதற்காக ஒருவர் தன் வீட்டு போர்ச்சில் பேட்டரி மாற்றுவதையும் குற்றமாக்க வேண்டுமா? சங்கத்துக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. தினமும் முகம் பார்த்துக்கொள்கிறவர்களுக்குள் அந்தப் பேச்சு வேண்டாம்.

என் காடி 1977ஆம் ஆண்டு டட்சன் 120ஒய். நம் நாட்டில் டட்சன் விற்ற டான் சோங் நிறுவனம் 1976இல் பக்கத்துச் செகாம்புட்டில் ஆலை தொடங்கிய காலத்துக் காடி. தோட்டத்துக் கிராணிகளும் பள்ளி ஆசிரியர்களும் ஆசை ஆசையாக வாங்கியது. 1171 சிசி இன்ஜின், கார்புரேட்டர், பின் அச்சைத் தாங்க லீஃப் ஸ்பிரிங். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், கொஞ்சம் பொறுமை இருந்தால் வால்வு இடைவெளியைக்கூட வீட்டிலேயே சரி செய்துவிடலாம். வீட்டில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான காடி அமையாது. இன்றைய பொமேன்கள் (மெக்கானிக்குகள்) பலர் இதைத் தொடத் தயங்குகிறார்கள் என்பதும் உண்மை. புதுக் காடி மூன்றைப் பார்க்கும் நேரத்தை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நோன்புப் பெருநாளுக்கு முன்பு என் வீட்டிலிருந்து கேட்ட கிரைண்டர் சத்தத்தைப் பற்றித்தான் அதிகப் புகார் என்று கேள்விப்பட்டேன். அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பூட்டின் (பின் டிக்கியின்) ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, ஸ்பேர் டயர் வைக்கும் குழியில் தேங்கும். மேலே விரிப்பு கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும். முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ அந்தத் துருவின் மேலேயே பட்டி பூசி, கறுப்புத் தாரை அடித்து மறைத்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. பட்டியும் துருவும் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, ஓட்டை வழியாகக் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. லீஃப் ஸ்பிரிங் வந்து மாட்டும் இடம் அதிலிருந்து அதிக தூரமில்லை. அங்கேயும் துரு ஏறிவிட்டால், ஓடும்போது பின் அச்சையே நம்ப முடியாது.

துருவின் மேல் வெல்டிங் நிற்காது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். முதலில் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கொண்டு போய் வைத்தேன். தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்தேன். வெட்டிய இடத்துக்கு அட்டையில் அளவெடுத்து, 1 மில்லிமீட்டர் தகட்டை வளைத்துப் பொருத்தி, இந்தப் பக்கம் ஒரு புள்ளி, எதிர்ப் பக்கம் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வெல்டிங் வைத்தேன். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு புள்ளி ஆறிய பிறகுதான் அடுத்த புள்ளி. அப்புறம் கிரைண்டரால் மட்டமாக்கி, சிங்க் பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலர் பூச வேண்டும். அதனால்தான் சத்தம் விட்டு விட்டு நாள் முழுக்க வந்தது. மறுபடியும் பட்டி பூசி விற்றிருந்தால் யார் காதுக்கும் சத்தம் வந்திருக்காது. வேறொரு குடும்பம் அந்தக் காடியில் ஏறிப் போயிருக்கும்.

மோடிஃபை என்றதும் சிலருக்கு ரேஸ் காடிதான் நினைவுக்கு வருகிறது. நான் செய்த மாற்றங்களில் எனக்கு முக்கியமானது பின்சீட்டு பெல்ட். நம் நாட்டில் 2009 ஜனவரி 1 முதல் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். ஆனால் 1995க்கு முன்பு பதிவான, பெல்ட் மாட்டும் இடமே இல்லாத காடிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை வைத்துக்கொண்டு என் மகள்களைப் பின்னால் சும்மா உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினால் போதாது. மோதும் வேகத்தில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பின்பக்கம் தடித்த இரும்புத் தட்டு வைத்து, பெல்ட்டுக்கென்றே உள்ள 7/16 அங்குல போல்ட்டைப் போட வேண்டும். இதுவும் மாற்றம்தான். உங்கள் தீர்மானம் நிறைவேறினால் இதுவும் தடை.

இன்ஜினையும் மாற்றியிருக்கிறேன். பழைய ஏ12 இன்ஜினின் சிலிண்டர்கள் தேய்ந்து, இனி போர் எடுக்க (குடைந்து பெரிதாக்க) இடமில்லை என்ற நிலையில் இருந்தன. போத்தோங் கடையில் (பழைய உதிரிபாகக் கடை) நிசான் வெனெட் வேனின் ஏ15 கிடைத்தது. அதே குடும்பத்து இன்ஜின், 1488 சிசி. ஒரு காலத்தில் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன வேன்களில் ஓடியது அதுதான். ஜேபிஜேயிடம் அனுமதி கேட்டு, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, புது இன்ஜின் எண்ணைக் கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றிதழில்) ஏற்றினேன். ரோட் டேக்ஸ் 55 வெள்ளியிலிருந்து 90 வெள்ளி ஆனது, சந்தோஷமாகக் கட்டுகிறேன். எண் ஒத்துப்போகாத காடி விபத்தில் சிக்கினால் காப்புறுதியில் பிரச்சினை வரும். அடிபட்டவருக்கும் அதனால் இழுத்தடிப்பு. எக்ஸாஸ்ட் சாதாரண சைலன்சர்தான். காலையில் நான் கிளம்புவது எதிர்வீட்டு அங்கிளுக்குத் தெரிவதில்லை என்று அவரே சொன்னார்.

சரி, நிபந்தனைகளுக்கு வருகிறேன். இதில் உங்களைவிட நான் கறாராக இருப்பேன். ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதை வீடுகளில் முழுவதுமாகத் தடை செய்யுங்கள். டூகே பெயிண்டில் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவையே கொண்டுவரும். சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் நம் டெரஸ் வீடுகளில் அதற்கு இடமே இல்லை. என் காடிக்கும் பெயிண்ட் கடையில்தான் அடிக்கப் போகிறேன். அடுத்தது எண்ணெய். பழைய இன்ஜின் எண்ணெய் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. நம் வாய்க்காலில் ஊற்றினால் அது கோம்பாக் ஆற்றுக்குப் போய், மஸ்ஜித் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றில் கலக்கும். டின்னில் பிடித்து, உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போகும் பட்டறையில் கொடுக்க வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். தரையில் விட்டால் பூனை நக்கிச் சாகும். பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும். இவற்றை மீறுகிறவரைச் சங்கம் தயவு பார்க்காமல் டிபிகேஎல்லில் புகார் செய்யட்டும்.

சத்தத்துக்கு நேரம் வையுங்கள். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கிரைண்டர், சுத்தியல் வேண்டாம். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் வேண்டாம். எஸ்பிஎம் (படிவம் ஐந்து) பரீட்சை நடக்கும் வாரங்களில் வேண்டாம். தாமானில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் அன்று முழுக்க எதுவும் வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு காடி, அதுவும் அந்த வீட்டுக்காரர் பெயரில் உள்ள காடி, வேலி தாண்டி வெளியே வரக் கூடாது. இவற்றில் எதற்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது செந்தூல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை இருந்த ஊர். அங்கே பாய்லரும் பெட்டியும் பழுது பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பையன் படிவம் ஐந்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது விளக்குப் பிடிக்க வந்தான். மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது, எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் ஹெட்லைட் ஏன் மங்குகிறது என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டான். இப்போது தொழிற்கல்லூரியில் வாகனத் துறையில் படிக்கிறான். அவன் அம்மாவும் உங்கள் சங்க உறுப்பினர்தான். கூட்டத்தில் அவரிடமே கேளுங்கள்.

தீர்மானத்தை அப்படியே ஓட்டுக்கு விட வேண்டாம். "எந்த வகையான" என்பதை எடுத்துவிட்டு, மேலே சொன்ன நிபந்தனைகளை அந்த இடத்தில் போட்டுத் திருத்தம் கொண்டு வாருங்கள்; முன்மொழிய நான் தயார், வழிமொழிய எதிர்வீட்டு அங்கிள் சம்மதித்திருக்கிறார். கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை செயற்குழு என் வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காடியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருப்பேன். அடியில் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஜேபிஜே, புஸ்பாகோம் தாள்களின் பிரதியையும் எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது லோரோங் குடியிருப்பாளர்