எல்லாத்தையும் சகுனி தலையில கட்டாதீங்க

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, சிம்மாசனத்துக்காக அடிச்சுக்கிற கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கிற இங்கிலீஷ் கதையில மறைஞ்சிருந்து எல்லாரையும் ஆட்டிவைக்கிற ஆளு யாருன்னு ரசிகர்கள் சொல்ற தியரியெல்லாம் வச்சு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. நான் செங்கோட்டையில இருந்து கேரளாவுக்கு வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏத்திவிடுற புக்கிங் ஆபீஸ்ல சிட்டை எழுதுறவன், லோடு ஏறி லாரி புளியரை தாண்டுற வரைக்கும் முழிச்சிருக்கணும், அப்படி முழிச்சிருந்தே 5 புக்கையும் ரெண்டு தடவ படிச்சாச்சு, சீரியல் 8 சீசனும் பாத்தாச்சு. கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல சகுனி தன்னோட அப்பா எலும்புல பகடை செஞ்சு குருவம்சத்தையே திட்டம்போட்டு பழிவாங்குனாரு, அதே மாதிரிதான் இதுவும்னு ஒரு வரி வருது பாருங்க, அங்கதான் எனக்கு குடிச்சுக்கிட்டிருந்த டீ இறங்கல.

அந்த எலும்புக்கதை வியாசர் பாரதத்துல கிடையாது அண்ணாச்சி. கூத்துலயும் வாய்வழியாவும் வந்தது, நானும் ஆச்சி மடியில படுத்து கேட்டதுதான், ருசியான கதை, இல்லன்னு சொல்லல. ஆனா சபா பர்வத்துல இருக்கிறது வேற. மயன் கட்டுன மண்டபத்துல தண்ணின்னு தெரியாம விழுந்து, அத்தன பேரும் சிரிச்சு, தருமனோட செல்வத்தையெல்லாம் பாத்து வயிறெரிஞ்சு திரும்பி வர்றது துரியோதனன். தீயில விழுறேன் விஷம் குடிக்கிறேன்னு மாமன்கிட்ட பொலம்புறதும் அவன்தான். அப்புறம்தான் சகுனி, தருமனுக்கு சூதுன்னா ஆசை உண்டு ஆட வராதுன்னு எடுத்துக் குடுக்காரு. கெட்ட ஆளுதான், 18ஆம் நாள் சகாதேவன் கையால சாகுறதும் சரிதான். ஆனா அடுப்ப பத்தவச்சது மருமகன், மாமன் ஊதிவிட்டாரு, அவ்வளவுதான். எலும்புக்கதையில பாத்தா துரியோதனன் பாவம் ஒண்ணுந்தெரியாத பச்சப்புள்ள ஆயிடுறான்.

இதே வேலதான் அந்த இங்கிலீஷ் கதையிலயும் நடக்கு. பிளட்ரேவன்னு ஒரு கிழவர், பழைய ராஜா ஒருத்தரோட முறைதவறிப் பொறந்த பிள்ள, ஒருகாலத்துல ராஜாவுக்கே வலதுகையா இருந்து ஊரெல்லாம் ஒற்றன் வச்சவரு, 5ஆவது புக்குல பாத்தா ஒரு மரத்தோட வேருக்குள்ள பாதி மரமாவே உக்காந்திருக்காரு. அந்த மரங்க வழியாவும் காக்கா வழியாவும் எங்க நடக்கிறதையும் பாக்க முடியும்னு சொன்னா ரசிகருங்க விடுவாங்களா, ஸ்டார்க் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஓநாய்க்குட்டி கிடைச்சதும் இவராலதான், அந்த வீட்டுச் சின்னப்பையன் ப்ரான் கோபுரத்துல இருந்து விழுந்ததும் இவராலதான், வடக்கு எல்லைச் சுவரைக் காக்குற படையோட கோட்டையில ஒரு அண்டங்காக்கா கத்துறதும் இவருதான்னு ஒரே போடு. ப்ரானை தள்ளிவிட்டது ராணிகூடப் பொறந்த ஜேமி அண்ணாச்சி! கையால தள்ளுனான், எதுக்கு தள்ளுனான்னும் முதல் புக்குலயே பச்சையா இருக்கு.

எனக்கு பத்திக்கிட்டு வர்றது அந்தச் சுவர்ப்படையில இருக்கிற சாம் விஷயத்துலதான். 3ஆவது புக்குல அவனோட சிநேகிதன் ஜான் ஸ்னோவ அந்தப் படைக்குத் தளபதியா தேர்ந்தெடுக்கிற அன்னைக்கு ஓட்டுப்போடுற கொப்பரைக்குள்ள இருந்து அந்த அண்டங்காக்கா பறந்துவந்து ஜான் தோள்ல உக்காரும், உடனே பாத்தீங்களா பிளட்ரேவன் வேலன்னு சொல்லிடுறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, நிழலப் பாத்தாலே நடுங்குற சாம், உடம்பெல்லாம் வேர்த்து, போட்டியில இருந்த ரெண்டு பெரிய ஆளுங்களையும் தனித்தனியா போய்ப் பாத்து, நீங்க ஒத்துக்கலன்னா ராஜா மத்தவரத்தான் தளபதி ஆக்கிடுவாருன்னு ரெண்டுபேர்கிட்டயும் பொய் சொல்லிட்டு, அதுக்கு ஜான் தேவலன்னு மெதுவா எடுத்துவிட்டான்ல. அவன் வாழ்க்கையில செஞ்ச தைரியமான காரியத்துல அது ஒண்ணு. அதப் பிடுங்கி ஒரு காக்காவுக்கு குடுக்கறதுக்கு எப்படி மனசு வருது?

மறைஞ்சிருந்து ஆட்டிவைக்கிறவனே கதையில இல்லன்னு நான் சொல்ல வரல. ராஜாவோட கஜானாவப் பாத்துக்கிட்ட லிட்டில்ஃபிங்கர் இருக்கான். ராஜாவோட மந்திரி ஜான் ஆரினுக்கு விஷம் வைக்கச் சொன்னது யாரு, பழிய ராணி வீட்டு லானிஸ்டருங்க மேல போட்டு கடுதாசி எழுத வச்சது யாருன்னு 3ஆவது புக்கு கடைசில ஆரின் பொண்டாட்டி லைசா வாயாலயே வருது. ஆனா அங்கயும் பாருங்க, லைசாவுக்கு அவன் மேல ஒரு பைத்தியக்கார ஆசை இல்லன்னா அந்த விஷம் கோப்பையில விழுந்திருக்காது. 2019ல முடிஞ்ச சீரியல்ல ப்ரானை ராஜா ஆக்குனதும் அப்போ எல்லாத்தையும் ஆட்டிவச்சது அவன்தான்னு இன்னொரு தியரி கிளம்புச்சு, அதுக்கு பதில் சொல்ற அளவுக்கு எனக்கு பொறுமை இல்ல.

இதுல என் கதையும் ஒண்ணு இருக்கு. ஒரு ஓணத்துக்கு, உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி, கொட்டாரக்கரைக்குப் போக வேண்டிய இலைக்கட்டு புனலூர்லயே இறங்கிடுச்சு, நல்ல நுனி இலை, விடிஞ்சா வதங்கிடும், கடைக்காரர் போன்ல மலையாளத்துல வாங்கு வாங்குன்னு வாங்குதாரு. ஆபீஸ்ல அரைமணி நேரத்துல தியரி ரெடி, எதிர்கடை புரோக்கர் டிரைவருக்கு காசு குடுத்துட்டான், க்ளீனரும் உடந்தை, போன வருசத்து பகைன்னு. அதுல ரொம்ப சத்தமா பேசுனது நான்தான். சிட்டையை எடுத்து லைட்டுல காட்டுனா என் எழுத்து, கடைக்காரர் பேர் மட்டும் போட்டு ஊர் போடாம விட்டிருக்கேன், அதே பேர்ல புனலூர்லயும் நமக்கு கடை உண்டு. அந்த அரைமணி நேரம் நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன்னு நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

எங்க லோடு போற கொல்லம் ஜில்லாவுல போருவழியில துரியோதனனுக்கு மலைநடைன்னு ஒரு கோயில் இருக்கு, சிலை கிடையாது, திண்ணைதான், கள்ளு படைப்பாங்க. தாகத்தோட வந்தவருக்கு அந்த ஊர்க்கிழவி கள்ளு குடுத்தாளாம், அதக் குடிச்சு மனசு குளிர்ந்தவருன்னு அங்க அவர அப்பூப்பன்னு கும்பிடுதாங்க. பவித்ரேஸ்வரத்துல சகுனிக்கும் தனியா கோயில் உண்டு. எங்க டிரைவர் சேட்டன் ரெண்டுக்கும் போவாரு, ஆனா ஒருத்தர் பேர சொல்லி இன்னொருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டு நான் பாத்ததில்ல.

அந்த எலும்பு வரிக்கு மட்டும் ஒரு சின்ன திருத்தம் போட்டுடுங்க. மத்தபடி எங்க அக்கா மகன் பிளட்ரேவன் கட்சி, 6ஆவது புக்குல அவர்தான் எல்லாம்னு வந்தா நான் அவனுக்கு பார்டர்ல பரோட்டாவும் சிக்கனும் வாங்கித்தரணும்னு பந்தயம். 5ஆவது வந்தது 2011ல. அன்னைக்கு டவுசர் போட்டுட்டிருந்த பய இப்போ மீசைய முறுக்குதான், புக்கும் வரல, என் காசும் அப்படியே இருக்கு.

இப்படிக்கு,
இலைக்கட்டு சிட்டை எழுதுறவன்,
செங்கோட்டை