பேச்சுக் கொடுக்காதே என்கிறீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மதுரை பற்றிய சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், ஜிகர்தண்டா என்று எல்லாம் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்ட யோசனைகளில், 'முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் பனியன் வியாபாரம். மதுரைக்கு அடிக்கடி போகிறவன். நான் பார்த்தவரை, நம்மைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டு பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். ரயில் நிலைய வாசலிலேயே பையைப் பிடிப்பார்களே, அவர்கள். நாமாகப் போய் வழி கேட்கிற டீக்கடைக்காரரும் திண்ணைப் பெரியவரும் வேறு ரகம். இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றில் பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையின் மிச்சம். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால் பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான் என்பது அங்கே போய் நின்றால்தான் உறைக்கும். பல தடவை அந்தச் சந்தில் நடந்தும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. கடை திறக்கக் காத்திருந்த ஒரு காலையில், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் "இதென்னங்க தூணு?" என்று கேட்டேன். 'ங்க'வைக் கேட்டதுமே "கோயம்புத்தூர்ப் பக்கமா தம்பி?" என்றார். அவர் சௌராஷ்டிரர், வழிவழியாக நெசவு செய்துவந்த சமூகம். அப்புறம் பேச்சு சுங்குடிப் புடவைக்குப் போனது. துணியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சு. வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து கையால் போட்டு, சாயத்தில் முக்கி, பிரித்தால் புடவை. அச்சடித்த புள்ளியையும் முடிச்சுப் போட்ட புள்ளியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று விரலால் தடவிக் காட்டினார். துணி வியாபாரியான எனக்கே புதுசு அது.

விளக்குத்தூண் கதையையும் அவர்தான் சொன்னார். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கினார். அவர் நினைவாக வைத்ததுதான் அந்த விளக்கு. வேலையில் இருந்த சர்வேயர் மாரட் பேரில் ஒரு வீதி, மேஸ்திரி பெருமாள் பேரில் ஒரு வீதி. கலெக்டர் பேரை ஊர் மறந்துவிட்டது, மேஸ்திரி பேரை ஆட்டோக்காரர் தினமும் சொல்கிறார். எனக்கு இதில் ஒரு சந்தோஷம். மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22-ல் வேட்டி சட்டையை விட்டு அரையாடைக்கு மாறிய வீட்டையும் அவர் சொல்லித்தான் தேடிப் போனேன். கீழே கதர்க்கடை இருக்கிறது.

யானைமலையை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. மேலூர் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கி உள்ளே போனால் நரசிங்கம். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்தார், முடிப்பதற்குள் இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். கி.பி. 770-ஐ ஒட்டிய கல்வெட்டு இதைச் சொல்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்கிற சின்ன முருகன் குடைவரை இருக்கிறது. வழி தெரியாமல் நின்றபோது, வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா "டேய், அண்ணனைக் கூட்டிட்டுப் போடா" என்று பேரனை அனுப்பினார். பையனோடு மலைமேல் ஏறிச் சமணச் சிற்பங்களையும் பார்த்தேன். பழைய வண்ணம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்ததும் மோர் கொடுத்தார். 2010 வாக்கில் அந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கப் போவதாகத் திட்டம் வந்ததையும், ஊர்க்காரர்கள் கூடி எதிர்த்ததையும் நேற்று நடந்தது மாதிரி சொன்னார். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த தடவை போனபோது பேரனுக்கு இரண்டு டி-ஷர்ட் கொண்டுபோனேன். இப்போது திருவிழாவுக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன் வருகிறது.

ஆண்பிள்ளை என்பதால் உங்களுக்குச் சுலபம் என்பாள் என் மகள். அவள் சொல்வதும் சரிதான். தனியாகப் போனால் அவள் பூக்கட்டும் பெண்களிடம், இட்லிக்கடை அக்காக்களிடம்தான் விசாரிப்பாள். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுவாள். யோசனை என்றால் இப்படி விவரமாக எழுதலாமே. ஒரேயடியாகப் பேசாதே என்று எதற்கு? இன்னொன்றையும் சேர்க்கலாம்: கேமராவை நீட்டுவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள் என்று.

அடுத்து தஞ்சாவூர் வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். பெரிய கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. எந்த டவுன் பஸ் எங்கே நிற்கும், சின்னக் கோயில் பூட்டியிருந்தால் எந்த வீட்டில் விசாரிப்பது, எந்தத் தெருவில் காலையில் போனால் ஆட்கள் திண்ணையில் இருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கட்டம் கட்டியே போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்