பிறழ் சாட்சி, பொய்ச்சாட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலை, அடிதடி வழக்குகளின் விசாரணைச் செய்திகளில், காவல் துறை பதிவு செய்த வாக்குமூலத்துக்கு மாறாக நீதிமன்றத்தில் பேசுபவரை 'பிறழ் சாட்சி' என்றும், தலைப்பில் இன்னும் சுருக்கமாக 'சாட்சி பல்டி' என்றும் நாளேடுகள் எழுதிவருவது குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். தம்பு செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான்.

காசிமேட்டில் மீன்கூடை ஏற்றும் வண்டி ஓட்டுபவர் ஒருவர், கொலை வழக்கொன்றில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, "சத்தம் கேட்டு ஓடிவந்தேன், அதற்குள் ஆள் விழுந்து கிடந்தார், வெட்டியவரைப் பார்க்கவில்லை" என்றார். காவல் துறை பதிவு செய்த வாக்குமூலத்திலோ அவர் வெட்டியதையே நேரில் கண்டதாக இருந்தது. அரசு வழக்கறிஞர் எழுந்து, தங்கள் சாட்சியான அவரையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்க, நீதிபதியும் வழங்கினார். மறுநாள் செய்தி வந்தபின், அவர் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் "எவ்வளவு வாங்கினே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

பிறழ்தல் என்றால் நெறி தவறுதல். சொல் பிறழ்ந்தான் என்றால் கொடுத்த வாக்கை மீறினான் என்றே நாம் கொள்கிறோம். ஆனால், புலனாய்வு அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அப்படிக் கையெழுத்தில்லாத தாளோடு ஒப்பிட்டு ஒருவரைப் பிறழ்ந்தவர் என்னும்போது, பிறழ்ந்தது அவர் நாவா, எழுதியவரின் பேனாவா என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் அப்படியொரு பட்டத்தைச் சட்டம் யாருக்கும் சூட்டவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 154-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 157-வது பிரிவும், தான் அழைத்த சாட்சியிடமே குறுக்கு விசாரணைக்குரிய கேள்விகளைக் கேட்க ஒரு தரப்பை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று மட்டுமே கூறுகின்றன. இங்கிலாந்துச் சட்டத்தில் 'பகைச் சாட்சி' போன்ற சொற்கள் கிளப்பிய குழப்பத்தைத் தவிர்க்கவே நம் சட்டம் அவற்றை ஏற்கவில்லை என்று 1975-இல் சத் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. அனுமதி வழங்கியதாலேயே அச்சாட்சியம் முழுதும் அழிந்துபோவதில்லை. அதன் எந்தப் பகுதியையும், அழைத்த தரப்பே சார்ந்து வாதிடலாம் என்று 2006-இல் 154-வது பிரிவிலேயே ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைப்பது வேறு. அதற்கு, இரு சட்டங்களிலும் மேற்சொன்ன பிரிவை அடுத்துள்ள பிரிவு மூன்று வழிகளைக் காட்டுகிறது: அவர் நம்பத்தகாதவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும், அல்லது அவர் கைக்கூலி பெற்றதை மெய்ப்பிக்க வேண்டும், அல்லது அவருடைய முந்தைய முரண்பட்ட கூற்றை மெய்ப்பிக்க வேண்டும். (பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைக் கிளறும் நான்காவது வழியொன்றும் முன்பு இருந்தது, 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நல்லவேளையாக நீக்கிவிட்டது.) பொய்ச்சாட்சி என்பதோ தனிக் குற்றம், அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. அந்த வண்டிக்காரர் மீது இவற்றில் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

விலைபோன சாட்சிகளும், மிரட்டலுக்குப் பயந்து மாறியவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எவர் எந்த வகை என்று தீர்ப்பு வரும்வரை செய்தியாளருக்குத் தெரியாது. ஆகவே 'பல்டி'யைத் தலைப்பிலிருந்து நீக்கி, "தங்கள் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய அரசுத் தரப்பு அனுமதி பெற்றது" என்று, ஒரு வரி கூடினாலும், எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.